ஒரு தாயின் கன்றுகள், இரண்டு மலைகளில்: ஸ்ட்ரோபெரியை இடம் எப்படி மாற்றுகிறது

ஒரு ஸ்ட்ரோபெரிச் செடி, தரையோடு நீளும் தண்டு ஒன்றை விடுகிறது. அதற்கு ஓடி என்று பெயர். அந்த ஓடியின் கணுக்களில் இரண்டு கன்றுகள் வேர் பிடிக்கின்றன. ஒன்றை நுவரெலியாவில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கண்டியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நுவரெலியாக் கன்று குட்டையாக, காம்பு தடித்து, பூவும் காயுமாக இருக்கும். கண்டிக் கன்று நாலா பக்கமும் ஓடி விட்டுப் பரந்து கிடக்கும். பூ இருந்தால் ஒன்றிரண்டு. பார்க்கிறவர்கள் "இது வேற இனம்" என்று சொல்லிவிடுவார்கள். இனமும் ஒன்று, வர்க்கமும் ஒன்று, ஏன், செடியே ஒன்றுதான். ஓடியில் வந்த கன்று தாய்ச்செடியின் ஒரு துண்டு. பரம்பரை அலகில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

அப்படியானால் அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், நாற்று வாங்குவது முதல் பழம் ஏன் புளிக்கிறது என்பது வரை பல விஷயங்கள் தெளியும்.

தேயிலை மலையில் ஏற்கெனவே பார்த்தது

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. பழைய விதைத் தேயிலை மலையில் போய் நின்று பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செடிகளில்கூட இலையின் நீளமும் நிறமும் கொழுந்து வரும் வேகமும் ஒத்துப்போகாது. மண் ஒன்று, மழை ஒன்று, கவ்வாத்து ஒன்று. ஆனால் ஒவ்வொரு செடியும் தனித்தனி விதையில் பிறந்தது. இங்கே வேறுபாடு பிறப்பில் இருக்கிறது. அதே தோட்டத்தின் வீ.பி. மலையில், அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த தேயிலை மலையில், நிரை நிரையாக எல்லாம் ஒரே அச்சு. எல்லாமே ஒரு தாய்ச்செடியிலிருந்து வெட்டிய துண்டுகள்.

இப்போது அந்த வீ.பி. வர்க்கத்தையே திம்புள்ளைப் பக்கத்திலும் ஊவாவிலும் நட்டால் தேநீரின் சுவை ஒன்றாக இருக்குமா? இராது. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை நல்ல பருவம். திம்புள்ளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலைச் சந்தை உயரத்தை வைத்தே விலை பேசுகிறது. செடி மாறவில்லை, இடம் மாறியது.

உயர்தர உயிரியலில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. செடி பெற்றோரிடமிருந்து கொண்டுவந்தது பிறப்புரிமை அமைப்பு. நம் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவது தோற்ற அமைப்பு. முதலாவது விதி மாதிரி எழுதிவைத்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது "குளிரானால் இப்படி வளர், சூடானால் அப்படி வளர்" என்கிற கட்டளைகளின் தொகுப்பு. ஒரே பிறப்புரிமை அமைப்பு இடத்துக்கு இடம் வேறு தோற்றம் காட்டுவதைத் தோற்ற நெகிழ்வு என்று சொல்லலாம். நுவரெலியா வேலியோர ஹைட்ரேஞ்சியா இதற்கு நல்ல சாட்சி. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. அதே செடியிலிருந்து ஒரு தண்டை வெட்டிச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைத்தால் ரோசா நிறம் வருகிறது. வெள்ளைப் பூ வர்க்கம் மட்டும் எந்த மண்ணிலும் நீலமாகாது. நெகிழ்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைப் போடுவது பிறப்பு.

உயரமும் பகலின் நீளமும்

நம் நாட்டில் உயரம் ஒரு வெப்பமானி. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியஸ் இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. கண்டி சுமார் 500 மீட்டர். அங்கே 24, 25 பாகை. நடுவில் பண்டாரவளையும் ஹட்டனும் 1,200 மீட்டரைச் சற்றுத் தாண்டி நிற்கின்றன. ஸ்ட்ரோபெரிக்குப் பிடித்தது பகலில் 18 முதல் 24 பாகை, இரவில் 10 முதல் 13 பாகை.

ஐரோப்பாவில் எழுதிய வளர்ப்புக் குறிப்புகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாததற்குப் பகலின் நீளமும் காரணம். அங்கே கோடையில் பகல் 16 மணிக்கும் மேல் நீளும், மாரியில் 8 மணிக்குச் சுருங்கும். சாதாரண ஸ்ட்ரோபெரி வர்க்கங்கள் பகல் சுமார் 14 மணிக்குக் குறைந்தால்தான் பூமொட்டுக் கட்டும். நாம் இருப்பது 7 பாகை வட அகலாங்கில். இங்கே ஆண்டு முழுவதும் பகல் பதினொன்றேமுக்கால் மணிக்கும் பன்னிரண்டரை மணிக்கும் இடையிலேயே நிற்கிறது. அதாவது செடியின் கணக்கில் இங்கே எப்போதுமே குறும்பகல். பூக்கலாம் என்ற அனுமதி பன்னிரண்டு மாதமும் உண்டு. தடுக்கிறதும் விடுகிறதும் வெப்பம். 15 பாகைக்குக் கீழே பகல் எவ்வளவு நீளம் என்று செடி கேட்பதே இல்லை, பூமொட்டுக் கட்டிவிடும். 25 பாகையைத் தாண்டினால் குறும்பகலிலும் தயங்கும். சக்தியை ஓடி விடுவதில் செலவழிக்கும். கண்டிக் கன்று பரந்து கிடப்பதன் காரணம் இதுதான். அதற்கு நோயும் இல்லை, உரக் குறையும் இல்லை.

இதனால் ஒரு வாங்கும் முடிவும் மாறுகிறது. "பகல் நீளம் பாராமல் பூக்கும்" என்று சொல்லி விற்கப்படும் வர்க்கங்களுக்கு வெளிநாட்டில் பெரிய மதிப்பு உண்டு, நியாயமாகவே. அந்த இயல்பு வந்த வழியும் சுவையானது: 1955இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வசாட்ச் மலைகளில் எடுத்த ஒரு காட்டுச் செடியிலிருந்து கலிபோர்னியாவின் இனவிருத்தியாளர்கள் அதைத் தோட்டச் செடிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் எப்போதும் குறும்பகலாயிருக்கும் நுவரெலியாவில் அந்த இயல்பின் ஆதாயம் சிறிது. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்கும் முன் பழத்தின் உறுதியையும் நோய் தாங்கும் திறனையும் பார்ப்பதே மேல்.

இனிப்பும் நிறமும் சேர்ந்து நடப்பதில்லை

சிவந்த பழம் இனிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்ட்ரோபெரியில் இந்த இரண்டையும் இடம் எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடும்.

இலை பகலில் சூரிய ஒளியில் வெல்லம் செய்கிறது. இரவும் பகலும் சுவாசத்தில் அதில் ஒரு பங்கு எரிகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆகவே கண்டியின் சூடான இரவில், பகலில் சேர்த்ததில் பெரும்பங்கு செலவாகிறது. நுவரெலியாவின் குளிர் இரவில் மிச்சம் பழத்துக்குப் போகிறது. இதோடு நேரமும் சேர்கிறது. குளிரில் பூவிலிருந்து பழம் கனிய 5, 6 வாரம் ஆகும். சூட்டில் 4 வாரத்துக்குள் முடிந்துவிடும். நீண்ட நாள் செடியில் தொங்கிய பழத்துக்குக் கூடுதலாக வெல்லம் வந்து சேர்கிறது, பருமனும் கூடுகிறது.

நிறம் வேறு வழி. சிவப்பைத் தருவது அந்தோசயனின் வகை நிறப்பொருள். ஸ்ட்ரோபெரியில் முக்கியமானது பெலர்கோனிடின் சேர்ந்த ஒன்று. பகல் 30, இரவு 22 பாகையில் வளர்த்த பழம், பகல் 18, இரவு 12 பாகையில் வளர்த்ததைவிட அடர்ந்து சிவக்கும். ஆனால் அதில் இனிப்புக் குறைவு. குளிர்மலைப் பழத்தின் தோள்பட்டை (காம்பை ஒட்டிய பகுதி) வெளிறியிருந்தாலும் உள்ளே நன்றாக இனிக்கலாம். அடர் சிவப்பைக் கண்டு அள்ளிக்கொண்டு வருபவர் ஏமாறுவது இதனால்தான்.

சாற்றின் இனிப்பை எண்ணாகக் காட்டும் கையடக்கப் பிரிக்ஸ் மானி ஒன்று இருந்தால் வாதம் தேவைப்படாது. ஒரு துளிச் சாறு போதும். 7க்குக் கீழே இருந்தால் நாக்குக்குச் சப்பென்றிருக்கும்; 9, 10 வந்தால் நல்ல பழம். பெருமழைக்கு மறுநாள் அளந்தால் எண் இறங்கியிருக்கும், பழம் தண்ணீரை இழுத்துக்கொள்வதால். அன்றைய எண்ணை வைத்து வர்க்கத்தைத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தொடர்ந்து பல வாரம் மேகம் மூடி, அதே நேரத்தில் யூரியாவும் தாராளமாகப் போட்ட பாத்தியில் இன்னொரு கோளாறு வரும். பழம் முழுவதும் வெளிறி, மெத்தென்று, சுவையே இல்லாமல் பருக்கும். ஒளி குறைந்ததால் வெல்லம் குறைவு. நைதரசன் கூடியதால் இலைகள் அந்தக் கொஞ்ச வெல்லத்தையும் தம் வளர்ச்சிக்கு இழுத்துக்கொள்கின்றன. இதை நோய் என்று எண்ணி மருந்தடிப்பது வீண். நைதரசனைக் குறைத்து, அடர்ந்த இலைகளைக் களைந்து வெளிச்சம் விட வேண்டும்.

ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்

மேலே புள்ளி புள்ளியாக இருப்பவற்றை விதை என்கிறோம். தாவரவியலில் அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுப் பழம். நாம் உண்ணும் சதை, பூவின் அடித்தளம் பருத்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒட்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றியுள்ள சதையைப் பருக்கச் செய்கிறது. புள்ளி கருக்கட்டவில்லை என்றால் அந்த இடம் பள்ளமாக, இறுகி நிற்கும். கோணல் பழம் ஒன்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள்: உப்பிய பக்கத்தில் புள்ளிகள் பெரிதாக, விலகி இருக்கும், சூம்பிய பக்கத்தில் மிகச் சிறிய புள்ளிகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். தேனீ எந்தப் பக்கத்துக்கு வரவில்லை என்பது பழத்திலேயே எழுதியிருக்கிறது. மழைக்காகப் பொலித்தீன் கூடாரம் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் இந்தக் கோணல் கூடும். பகலில் பக்கத் திரைகளைச் சுருட்டி விட வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொலித்தீனுக்குக் கீழே பழத்தின் நிறமும் சற்று மங்கும்.

பருமனை முடிவு செய்வது புள்ளிகளின் எண்ணிக்கை. ஒரு பூங்கொத்தில் முதலில் விரியும் பூவில் 300க்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கலாம். கடைசிப் பூக்களில் 100 அளவுக்கு இறங்கும். அதனால் முதல் பழம் பெரிது, அடுத்தவை சிறிது. இந்த எண்ணிக்கை பூ விரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்னே, மொட்டுக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே இன்று கையிலுள்ள பழம் இரண்டு, மூன்று மாதத்துக்கு முந்திய வானிலையையும் சேர்த்துச் சொல்கிறது. இந்த வாரம் போட்ட உரத்தால் இந்த வாரப் பழம் பெருத்தது என்று நினைப்பது தவறான கணக்கு.

தைப் பனியில் தேயிலைக் கொழுந்து கருகும் காலைகளில் ஸ்ட்ரோபெரிப் பூவையும் குனிந்து பார்க்க வேண்டும். இதழ்கள் வெள்ளை வெளேரென்று நன்றாகவே இருக்கும். நடு மையம் மட்டும் கறுத்திருக்கும். விரிந்த பூ சுழியத்துக்குக் கீழே ஓரிரு பாகை இறங்கினாலே சூலகம் செத்துவிடும். அந்தப் பூவில் பழம் வராது. பள்ளமான இடத்தில் குளிர்காற்று தேங்குவதால், ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி தப்பி, ஓடையோரப் பாத்தி கருகும். அரை ஏக்கருக்குள்ளேயே இரண்டு சூழல் இருக்கிறது.

கச்சான் வீசும் பக்கம், மழை கொட்டும் பக்கம்

உயரம் ஒன்றானால் இடமும் ஒன்று என்று எண்ணக் கூடாது. ஹட்டனும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழையிலும் மூட்டத்திலும் மூழ்கிக் கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது ஈரத்தை எல்லாம் இழந்து, காய்ந்த கச்சானாக வீசும்.

ஈரப்பக்கத்தில் இலை பெரிதாகவும் மெல்லியதாகவும் விரியும், காம்பு நீளும். ஒளி குறைவு என்பதால் அதைத் தேடிப் பிடிக்கும் வடிவம் இது. பழத்தின் முதல் எதிரி சாம்பல் நிறப் பங்கசு. தரையைத் தொடும் பழம் முதலில் அழுகும். பாத்தியை 20 சென்ரிமீற்றர் உயர்த்தி, காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, செடிக்குச் செடி 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விட்டு, தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்ற வேண்டும்.

கச்சான் பக்கத்தில் இலை சிறுத்துத் தடிக்கும். இலையின் கீழே செஞ்சிலந்திப் பூச்சி பெருகும். அதைவிட நுட்பமான ஒன்று இளம் இலையின் நுனிக் கருகல். இதைப் புரிந்துகொள்ள, காற்று அடங்கிய ஈரமான இரவுக்கு அடுத்த காலையில் செடியைப் பார்க்க வேண்டும். இலையின் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் முத்துப்போல ஒரு துளி நிற்கும். பனித்துளியானால் இலை முழுவதும் பரவியிருக்கும். இது பற்களின் நுனியில் மட்டும் வரிசையாக இருக்கும். இரவில் வேர் கீழிருந்து அழுத்தித் தள்ளிய நீர் அது. அந்த நீரோடுதான் கல்சியம் இன்னும் விரியாத இளம் இலைக்குப் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் பகலில் நீரை ஆவியாக்கி இழுக்கும் திறன் விரிந்த பெரிய இலைகளுக்கே உண்டு. இரவும் கச்சான் வீசினால் பெரிய இலைகள் இரவிலும் நீரை இழுத்துக்கொள்ளும், வேரின் அழுத்தம் எழாது, துளி நிற்காது, சில நாளில் இளம் இலையின் நுனி பழுப்பாகிச் சுருங்கி விரியும். மண்ணில் கல்சியம் நிறையவே இருக்கலாம். அதற்கு மேல் டொலமைட் சுண்ணாம்பு கொட்டுவதால் பயன் இல்லை. காற்றுக்குத் தடுப்புக் கட்டி, மாலையில் வேர் மண்ணை ஈரமாக்கி, உரத்தின் அளவைக் குறைப்பதே வழி. ஹட்டனுக்குச் சொன்ன காலை நீர்ப்பாசனம் ஊவாவின் ஜூலைக்குப் பொருந்தாமல் போவதைக் கவனியுங்கள்.

இடத்தால் மாற்ற முடியாதவை

சில இயல்புகள் பிறப்போடு முடிந்துபோனவை. வெள்ளைப் பழம் தரும் காட்டு ஸ்ட்ரோபெரி வகை ஒன்றில், சிவப்பு நிறத்தைத் தொடக்கிவைக்கும் பரம்பரை அலகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. எந்த வெயிலும் அதைச் சிவப்பாக்காது. பீச் பழத்தின் வாசனையைத் தரும் ஒரு பொருள் சில தோட்ட வர்க்கங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதைச் செய்யும் பரம்பரை அலகு அந்த வர்க்கத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால், இடம் அதைக் கூட்டும் குறைக்கும். இல்லையென்றால் இமயத்தில் நட்டாலும் வராது.

பிறப்பின் குறையை இடத்தின் தலையில் போட்ட பழைய பிழை ஒன்று உண்டு. 1714இல் ஃபிரேசியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து பெரும்பழ இனம் ஒன்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். செடி வளர்ந்தது, பழம் வரவில்லை. காலநிலையைச் சந்தேகிப்பது எளிது. ஆனால் கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள். பிரான்சின் பிரெஸ்ட் நகரை ஒட்டி, வட அமெரிக்க வர்ஜீனிய இனத்தைப் பக்கத்தில் நட்டபோது மகரந்தம் கிடைத்துப் பழம் குலுங்கியது. இந்த இரண்டு இனங்களும் கலந்து பிறந்ததே இன்று நாம் உண்ணும் தோட்ட ஸ்ட்ரோபெரி. அதை 1766இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூஷேன் எடுத்துச் சொன்னார்.

அந்தப் பெற்றோரில் சிலி இனம் கடற்கரை மணலில் வளர்வது: தடித்த, தோல் போன்ற இலை. வர்ஜீனிய இனம் புல்வெளிகளில் வளர்வது: மெல்லிய இலை. சிலி இனம் ஹவாய்த் தீவின் உயர்மலைகளிலும் காடாக வளர்கிறது. நம்மைப் போல வெப்பவலயத்துக் குளிர்மலை அது. இரண்டுமே 7 நிறமூர்த்தங்கள் கொண்ட அடிப்படைத் தொகுதியின் எட்டுப் பிரதி கொண்டவை, மொத்தம் 56. ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ரோபெரிக்கு இரண்டே பிரதி, மொத்தம் 14. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் காலநிலை வேறுபட்ட தோட்டங்களில் இரு வகைகளின் குளோன் கன்றுகளையும் நட்டுப் பார்த்தபோது, எட்டுப் பிரதிக்காரர்கள் கூடுதலாக வளர்ந்தார்கள். ஒரு பிரதி குளிருக்கு, ஒன்று வெயிலுக்கு என்று பங்கு பிரிக்க இடமிருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

காட்டினங்களில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வட நோர்வேயின் அல்ட்டா, 70 பாகை அகலாங்கு. அங்கத்தைய காட்டு ஸ்ட்ரோபெரியைத் தெற்கே கொண்டுவந்து வளர்த்தாலும் பல வாரக் குளிரைக் கண்டபின்தான் பூக்கும். பலநூறு தலைமுறை அந்தக் குளிரில் கழிந்ததால் அந்த வழக்கம் பரம்பரைக்குள்ளேயே இறங்கிவிட்டது. இதை இடத்துக்கு இசைந்த தகவமைப்பு என்கிறோம். தோற்ற நெகிழ்வு ஒரு செடியின் வாழ்நாளில் நடப்பது. தகவமைப்பு தலைமுறைகளில் நடப்பது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு: எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக வளர்ப்பது. மறைந்துபோகும் வேறுபாடு இடத்தினது. நிலைத்து நிற்கும் வேறுபாடு பிறப்பினது.

நீலகிரியின் பெயரையே அறிவியற்பெயரில் சுமக்கும் காட்டு ஸ்ட்ரோபெரி ஒன்றும் உண்டு. அதன் பழம் வெளிறிய நிறம். நம் மலைகளில் தரையோடு படர்ந்து சிவப்புப் பழம் காட்டும் மஞ்சள் பூச் செடியை அதோடு சேர்க்க வேண்டாம். ஸ்ட்ரோபெரியின் பூ வெள்ளை, சிலவேளை ரோசா. அந்த மஞ்சள் பூச் செடி வேறு. அதன் பழம் சப்பென்றிருக்கும், எவ்வளவு நல்ல இடத்தில் வளர்ந்தாலும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

12 கன்றுகள் போதும். நோயில்லாத ஒரே ஒரு தாய்ச்செடியைத் தேர்ந்தெடுங்கள். கடைப்பழத்தின் விதையை முளைக்கவைத்தால் ஒவ்வொன்றும் தனிப்பிறப்பு, விதைத் தேயிலை மாதிரி; இந்தச் சோதனைக்கு உதவாது. இலையில் மஞ்சள் திட்டோ சுருக்கமோ உள்ள தாயைத் தவிருங்கள். வைரசு ஓடி வழியாகக் கன்றுக்கும் போகும். பிறகு இடத்தின் குற்றமா வைரசின் குற்றமா என்று தெரியாது.

சலித்த மண் 2 பங்கு, கூட்டெரு 1 பங்கு, கழுவிய தும்புத்தூள் 1 பங்கு. எல்லாக் கன்றுக்கும் தேவையானதை ஒரே குவியலாகக் கலந்துகொள்ளுங்கள்; இரண்டு தடவையாகக் கலந்தால் இரண்டு மண். மண்ணின் pH எண் (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். தேயிலை மண் பெரும்பாலும் இதைவிடப் புளிப்பு. அளந்து பார்த்தபின் டொலமைட் சேருங்கள். ஒவ்வோர் இளங்கன்றையும் 4 அங்குலப் பையில், வளைத்த கம்பியால் ஊன்றிவையுங்கள். 3, 4 வாரத்தில் மெல்ல இழுத்தால் வராது; அப்போது ஓடியை வெட்டலாம்.

வெட்டியதும் பிரித்து அனுப்பிவிடாதீர்கள். கன்று தாயிடமிருந்து கொண்டுவந்த சேமிப்பு சில வாரம் வரை பேசும். எல்லாவற்றையும் 3 வாரம் ஒரே இடத்தில் வைத்திருந்து, 10 அங்குலப் பைக்கு மாற்றுங்கள். குருத்து மண்மட்டத்தில் நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும்; மேலே தூக்கினால் வேர் காயும். பிறகு மூன்று மூன்றாக நாலு இடம்: திறந்த வெளி, பாதி வெளிச்சம் விடும் நிழல்வலைக்குக் கீழே, பொலித்தீன் கூரைக்குக் கீழே, தாழ்ந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீடு. மூன்று வைப்பது, ஒன்றை நத்தை தின்றாலும் இரண்டு மிஞ்சுவதற்கு. முதலில் வரும் பூங்கொத்துகளை எல்லா இடத்திலும் கிள்ளிவிடுங்கள். உரமும் நீரும் ஒரே அளவு, அளந்து.

அளக்க வேண்டியவை: புதிதாக முழுவதும் விரிந்த இலையின் காம்பு நீளம், அதன் நடுச் சிற்றிலையின் அகலம், ஓடிகளின் எண்ணிக்கை, முதல் பூவின் தேதி, பூவிலிருந்து பழத்துக்கு ஆன நாட்கள், பழத்தின் நிறை, பிரிக்ஸ் எண். ஒரு கொத்தின் முதல் பழத்தை மற்றக் கொத்தின் முதல் பழத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: ஓரிடத்தில் முதல் பழமும் இன்னோரிடத்தில் மூன்றாம் பழமும் தராசில் ஏறினால், இடத்தின் வேறுபாடாகத் தெரிவது கொத்தின் வேறுபாடே. செடியின் உயரத்தில், நிழலில், கூடிய குறைந்த வெப்பம் காட்டும் வெப்பமானி ஒன்று. நேர்ச் சுவருள்ள டின் ஒன்று, மழையை அளக்க.

இரண்டு வர்க்கங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. கோட்டுத்தாளில் கீழே இடங்களைக் குளிரிலிருந்து சூட்டுக்கு வரிசையாக எழுதி, பக்கவாட்டில் பழ நிறையைக் குறித்து, ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒரு கோடு இழுங்கள். இரண்டு கோடும் சேர்ந்து சரிந்து, இடைவெளி மாறாமல் போனால், நல்ல வர்க்கம் எங்கும் நல்ல வர்க்கம். கோடுகள் குறுக்கே வெட்டினால், மேலே வென்றது கீழே தோற்கிறது என்று பொருள். அப்போது "எது சிறந்த வர்க்கம்" என்ற கேள்விக்கு ஊர்ப் பெயர் சொல்லாமல் பதில் கிடையாது. கிடையாகவே ஓடும் கோடு, இடம் எதுவானாலும் மாறாத வர்க்கம். வானிலையை நம்ப முடியாத காணிக்கு, விளைச்சல் சற்றுக் குறைந்தாலும், அதுவே பொருத்தம்.

ஊன்றியதிலிருந்து பழம் வர நாலரை, ஐந்து மாதம் ஆகும். ஜனவரி முடிவில் தொடங்கும் தெளிந்த வானத்தில் பழம் பார்க்க வேண்டுமானால் செப்டெம்பரில் ஊன்றுங்கள். மார்ச்சில் இன்னொரு 12 கன்று ஊன்றினால் அவை ஓகஸ்ட் வாக்கில், ஒரு பக்கம் மழையிலும் மறுபக்கம் கச்சானிலும் காய்க்கும். பைகளில் பெயின்றால் எண் எழுதுங்கள். பேனா எழுத்து ஒரு மழையில் போய்விடும்.